உன் உள்ளங்கைகள் ஏன் வியர்க்கின்றன

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, துவாயில் கைகளைத் துடைத்தபடியே, இன்னும் மூன்று கிழமையில் உன் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு நரம்பை வெட்டப்போகிறார்கள் என்று நீ சொன்னாய். கைகள் வியர்ப்பது அதோடு நின்றுவிடுமாம். கலியாணத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், மணவறையில் ஆரணிக்கு ஈரக் கையைக் கொடுக்க முடியாது என்றாய். அப்பா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நீயும் என்னைத்தான் பார்த்தாய். இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிற அம்மா இதைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருப்பாய். நான் "யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏற்கனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவப் போய்விட்டேன். பின்னேரம் நீ தெஹிவளைக்கு, உன் அறைக்குத் திரும்பிப் போன பிறகுதான், எவ்வளவு சொல்ல இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

முகம் பார்த்துப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மூச்சில் இரண்டு பாடவேளை கதைப்பேன். சொந்தப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு வசனம் சேர்த்துச் சொல்ல நாக்கு எழும்பாது. அதனால் எழுதுகிறேன். உன் தீர்மானத்தை மாற்றுவதற்காக எழுதவில்லை. நீ அந்தச் சத்திரசிகிச்சை மேசையில் படுக்கும்போது ஒரு விஷயம் தெரியாமல் படுக்கக் கூடாது, அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு முன் எனக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்க விடு. "உமக்கு நேரா ஒரு வழியும் தெரியாது" என்று அப்பா சொல்லுவார். சொல்லட்டும்.

உடம்பு ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் ஒழுங்காக இயங்கும். நடந்தாலும் சாப்பிட்டாலும் சும்மா படுத்திருந்தாலும் உள்ளே சூடு பிறந்துகொண்டே இருக்கும். மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு பாதாம்பருப்பு அளவான இடம் இரத்தத்தின் சூட்டைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. அது கொஞ்சம் ஏறினால் நரம்புகள் வழியாகத் தோலுக்குச் சொல்லி அனுப்பும். தோலுக்குக் கீழே, நூல் சுருண்டு கிடப்பதுபோல நுண்ணிய குழாய்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை இரத்தத்திலிருந்து வருகிற நீரையும் கொஞ்சம் உப்பையும் மேலே தள்ளும். வியர்வை வெளியே வந்தால் உடம்பு குளிரும் என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவார்கள். நான் அரைப் புள்ளி குறைப்பேன். வெளியே வந்தால் போதாது, அது காய வேண்டும். நீர் ஆவியாகிப் போகும்போது தோலிலிருந்து சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நான் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் வியர்வை வந்த தடமே தெரியாது. சட்டையின் முதுகில் உப்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். கொழும்பில் நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையில் கடல் காற்று ஏற்கனவே நீராவியைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. இன்னும் வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. ஆகவே இங்கே வியர்வை காயாமல் வழிகிறது. உடம்பு இன்னும் சூடாகவே இருக்கிறது என்று மூளை மேலும் மேலும் ஊற்றச் சொல்கிறது. இந்த நகரத்தில் தோல் நாள் முழுக்க வேலை செய்கிறது, பலன் பாதிகூடக் கிடைப்பதில்லை.

உள்ளங்கையும் உள்ளங்காலும் இந்தக் கணக்கில் சேராதவை. அவை முக்கியமாகக் கவனத்துக்கும் பதற்றத்துக்கும் பயத்துக்கும்தான் வியர்க்கின்றன. மரங்களில் வாழ்ந்த காலத்து மிச்சம் என்று சொல்கிறார்கள். கொப்பு வழுக்காமல் இருப்பதற்கும், ஓட வேண்டிய நேரத்தில் கால் நிலத்தைப் பிடிப்பதற்கும் அந்த ஈரம் உதவியிருக்கலாமாம். இப்படியான கதைகளில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது, யாரும் போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை. ஆனால் கடையில் பொலித்தீன் பையின் வாய் பிரியாதபோது முதலாளி விரலை நனைத்துக்கொள்வதைப் பார்த்தால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். கொஞ்ச ஈரம் பிடியைக் கூட்டும். சிலருடைய நரம்புகளுக்கு அந்தக் கொஞ்சத்தில் நிறுத்தத் தெரிவதில்லை. சுரப்பிகளில் பிழையில்லை. அவற்றுக்கு வருகிற கட்டளைதான் அளவுக்கு மிஞ்சி வருகிறது. உன் அலுவலகத்தில் ஏசியின் கீழே மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கும்போது உன்னுடைய கீபோர்ட் நனைவது அதனால்தான்.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரை. நீ வெறுங்காலோடு ஓடினால் அதில் குட்டிக் குட்டி ஈரப் பாதங்கள் விழுந்து கொஞ்ச நேரத்தில் மறையும். அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கை. "கள்ளன் போன வழியைப் பார்" என்று அந்தப் பாதங்களைப் பின்தொடர்ந்துபோய்க் கட்டிலுக்குக் கீழே உன்னைப் பிடிப்பார். ஒரு நாள் நான் குந்தியிருந்து உன் கையைத் திருப்பிப் பார்த்தேன். ரேகைகளுக்குள் பொட்டுப் பொட்டாக நீர். சேலைத் தலைப்பால் துடைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கத் திரும்பவும் வந்தது. கீழ்வீட்டு அன்ரி அதைக் கண்டுவிட்டு ஏன் என்று கேட்டபோது, "அது இவரின்ர ஆக்களின்ர பக்கம்" என்றேன். பிள்ளையில் ஒரு குறை தெரிந்தால் அதைப் புருஷன் வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவது எங்கள் பெண்களிடையே வழக்கம்தான். யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அப்பா பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நீ வளர்ந்து கேட்டபோது அப்பாவின் பெரியப்பா ஒருவருக்கு இருந்ததாம் என்று சொன்னேன். அந்த மனுஷன் நீ பிறக்க முன்பே போய்விட்டார். மறுத்துச் சொல்ல வரமாட்டார் என்ற தைரியம் எனக்கு.

தம்பி, உனக்கு அது என்னிடமிருந்து வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என் கைகள் உன் கைகளைப் போலவே இருக்கின்றன.

இதை நீ எப்படிக் கவனிக்காமல் போனாய் என்று யோசிப்பாய். நான் மறைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல், ஒரு வேலை பழகுவதுபோலப் பழகி மறைத்தேன். பேராதனையில் விலங்கியல் படித்த காலத்தில், மார்கழிக் குளிரிலும், செய்முறைப் பரீட்சைக்கு என் கைக்குக் கீழே உறிஞ்சுதாள் வைத்துக்கொண்டு படம் கீறுவேன். ஆசிரியையான பிறகு, கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி கிடைத்தது. ஈரத்தைக் குடிக்க அதைப்போல வசதியான பொருள் வேறில்லை. வகுப்புக்குள் போகும்போது முழு வெண்கட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் வெளியே வரும்வரை கீழே வைக்கமாட்டேன். பிள்ளைகள் எனக்கு வெண்கட்டி மிஸ் என்று பட்டம் வைத்தது உனக்குத் தெரியும், நீயும் சிரித்திருக்கிறாய். கையில் எப்போதும் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி இருக்கும், பெண்கள் கையில் லேஞ்சி இருப்பதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. சின்னனில் காலி வீதியைக் கடக்கும்போது நான் உன் கையைப் பிடித்ததே இல்லை, மணிக்கட்டைத்தான் பிடிப்பேன். மற்றத் தாய்மார் விரல் கோத்துக்கொண்டு போவார்கள். நான் உன்னைப் பொலிஸ்காரி போல இழுத்துக்கொண்டு போவேன். கண்டிப்பான அம்மா என்று நினைத்திருப்பாய். என் கையின் ஈரம் உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

அப்பாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. எங்கள் கலியாணத்தில் கன்னிகாதானத்துக்கு என் கையை அவர் கையில் வைத்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஐயர் மந்திரம் சொல்லி நீர் வார்த்தார். அந்த நீரோடு நீராக எல்லாம் ஓடிப்போனது, தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துக் கொழும்புக்கு வரும் ரயிலில், யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: "ஐயர் தண்ணி வார்க்க முதலே வார்த்து முடிஞ்சுது எண்டு நினைச்சன்." நான் அழ ஆயத்தமானேன். அவர் என் கையை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்துவிட்டுத் திரும்பவும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு கேலி, ஒரு கேள்வி இல்லை. நான் சொல்லாததை அவரும் யாருக்கும் சொன்னதில்லை, உனக்குக்கூட.

இனி உனக்குப் பதினேழு வயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் ஒரு பக்கம்தான் தெரியும். நீ உயர்தர வகுப்பு ரியூஷனுக்குப் பம்பலப்பிட்டிக்குப் போய்வந்த யுத்த காலம். கால்வாய்ப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். ஒரு நாள் நீ நீட்டிய அடையாள அட்டையில் தண்ணீர் நின்றதாம். தமிழர் எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் தாளின் மை கரைந்து விரலில் ஒட்டியிருந்ததாம். கை ஏன் நனைந்திருக்கிறது, எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒரு ஆமிக்காரன் கேட்டான். பயமில்லை என்று நீ சொல்லச் சொல்லக் கை வழிந்தது. ஒன்றரை மணித்தியாலம் ஓரமாக நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து புத்தகத்தை வைத்துவிட்டு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அம்மா, நான் பயப்படேல்லை. கைதான் பயந்தது." நான் அதைச் சரியான விளக்கம் என்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் நினையாமலே உடம்பை ஓட்டுகிற பரிவு நரம்புத் தொகுதி பற்றி நான் படிப்பிக்கிற பாடம் முழுக்க அந்த இரண்டு வசனத்துக்குள் இருந்தது. சொல்லவில்லை. அதற்கு மருந்து தேடத் தொடங்கினேன்.

சீனாக்காரம் தெரியும்தானே, படிகாரம் என்றும் சொல்வார்கள். கலங்கின கிணற்றுத் தண்ணீரில் போடுவார்கள், சலூனில் முகம் மழித்தபின் தடவுவார்கள். அதற்கு வியர்வைத் துவாரங்களைக் கொஞ்ச நேரம் அடைக்கும் குணம் உண்டு. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கி, தாச்சியில் வறுத்துப் பொரியவிட்டு, இடித்து அரித்து, முகப்பவுடரோடு கலந்தேன். காலையில் உன் கைகளில் நானே பூசினேன். மத்தியானத்துக்குப் பிறகு திரும்பப் பூசிக்கொள் என்று ஒரு சின்னக் கடதாசிச் சரையில் கட்டி உன் சட்டைப் பையில் வைத்தேன். படித்தவள் நான். ஊரடங்கும் குண்டும் சுற்றிவளைப்பும் நடக்கிற நகரத்தில், ஒரு தமிழ்ப் பையனுடைய சட்டைப் பையில், வீட்டில் இடித்த வெள்ளைத் தூளைச் சரை கட்டி வைத்தேன். உனக்கு உலர்ந்த கை வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் என் மண்டைக்குள் ஓடவில்லை.

மூன்றாம் நாள் அதே சாவடியில் பிடித்தார்கள். சட்டைப் பையில் இருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னபோது சரை விழுந்தது, கை ரேகைகளிலும் அதே தூள். பின்னேரம் நாலு மணியளவில் எங்களுக்குத் தகவல் வந்தது. அப்பாவும் நானும் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினோம். நீ சுவரோரம் மர வாங்கில் இருந்தாய். கைகளை முழங்காலில் விரித்து வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். அவர் சத்தம் போடவே இல்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தூளைச் செய்தது நான் என்று சிங்களத்தில் சொன்னேன். மிஸ் இரசாயனமா படிப்பிக்கிறது என்று கேட்டார். உயிரியல் என்றேன். வீட்டில் வேறு என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டார், பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன். சூட்டு வியர்வை வேறு, கை வியர்வை வேறு, இது பரம்பரையாக வருவது, இவனுடைய கையைப் பாருங்கள், இப்போது நனைந்திருக்கும் என்றேன். அவர் எழும்பி வந்து உன் கையைத் தொட்டுப் பார்த்தார். கை காய்ந்திருந்தது. என் மருந்து அன்றைக்குத்தான் நன்றாக வேலை செய்திருந்தது.

அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்துகொண்டு, அவசரமில்லாமல் கேட்டார்: "பரம்பரை எண்டால் சரி மிஸ், உங்கள் ரெண்டு பேரில யாருக்கு இருக்கு?"

என் கைகள் கைப்பைக்குக் கீழே இருந்தன. லேஞ்சி பிழியலாம் போல நனைந்திருந்தது. அந்த அறைக்குள் இருந்த ஒரே சாட்சி அது. கையை எடுத்து அவருடைய மேசைக் கண்ணாடியில் வைத்திருந்தால் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருக்கும். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அப்பாவின் பெரியப்பாவுக்கு என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்தாயோ தெரியாது. நான் "ஒருவருக்கும் இல்லை" என்றேன்.

அப்படியென்றால் தூளைப் பரிசோதிக்கும்வரை இவன் இருக்கட்டும் என்று அவர் விசாரணைக் கோவையை மூடினார். என் கையைக் காட்டியிருந்தால் உன்னை விட்டிருப்பார்களா? தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிப் பழக்கமில்லை. நனைந்த கையைக் கண்டால் நானும் பயப்படுகிறேன், நானும் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பார்கள், இரண்டு பேரையும் உள்ளே வைப்பார்கள் என்று பயந்ததாக எனக்கு நானே பிறகு சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் எனக்கு வந்தது வெட்கம். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு முன்னால் கையை விரிக்க வெட்கப்பட்டேன், நீ அங்கே இருந்தும்.

ஓட்டோவில் திரும்பி வந்தோம். பாலம் தாண்டியதும் அப்பா வீதியைப் பார்த்தபடி, "நீர் சொல்லுவீர் எண்டு நினைச்சனான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஏன் தானே சொல்லவில்லை என்று பல நாள் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். சொல்ல வேண்டியது நான் என்பதால்தான் அவர் வாய் திறக்கவில்லை என்பது மெதுவாகத்தான் விளங்கியது.

மூன்றாம் நாள் உன்னை விட்டார்கள். அடித்தார்களா என்று நான் கேட்டேன், இல்லை என்றாய். நான் நம்பவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை. நீ குளித்தாய், இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய், மிச்சமிருந்த தூளை எடுத்துக் கழிவறைக்குள் கொட்டிவிட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாய். என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீ கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினாய். வீட்டுக்கு வருகிறவர்கள் கை நீட்டினால் வணக்கம் சொல்லுவாய், பெடியனுக்கு நல்ல மரியாதை என்று அவர்கள் மெச்சுவார்கள். படம் எடுத்தால் கை தெரியாது. உலகத்தில் உனக்கு மட்டும் அப்படி ஒரு கை இருக்கிறது என்று நீ நம்பிவிட்டாய். அந்த நம்பிக்கையை உனக்குத் தந்தது பொலிஸ் இல்லை, நான்.

போன மாதம் ஆரணி இங்கே வந்திருந்தபோது, நீ பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்த நேரம், குசினி வாசலில் நின்று என்னிடம் கேட்டாள். "அன்ரி, இவர் என்னைப் பிடிச்சுத்தான் ஓம் சொன்னவரோ, இல்லாட்டி நீங்கள் சொல்லிச் சொன்னவரோ?" ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். "பஸ்ஸால இறங்கேக்க என்ர கையைப் பிடிக்கமாட்டார். ஹாண்ட்பேக்கைப் பிடிச்சு இழுக்கிறார். நான் என்ன, சந்தையால வாற மரக்கறிப் பையே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் பதிலுக்காக நின்றாள். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, அவன் கூச்சக்காரன் என்று சொல்லி முடித்தேன். நீ இன்னும் அவளிடம் கையைப் பற்றியும் சொல்லவில்லை, இந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றியும் சொல்லவில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது.

சத்திரசிகிச்சை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கக்கத்துக்குக் கீழே சின்னத் துளை போட்டு, நுரையீரலைக் கொஞ்சம் சுருங்க வைத்து, முள்ளந்தண்டின் ஓரமாகப் போகிற பரிவு நரம்பை வெட்டுவார்கள். கை காய்ந்துவிடும், அதில் பெரிய சந்தேகமில்லை. ஆனால் பலருக்கு வேறு இடத்தில், முதுகில், வயிற்றில், தொடையில், வியர்வை கூடிவிடுகிறது. சிலருக்கு அது முன்பிருந்ததைவிடத் தொல்லையாக இருக்கிறது. வெட்டினதைத் திரும்ப ஒட்டுவது நடக்கிற காரியமில்லை. கொழும்பு வெக்கையில் அதோடு வாழ முடியுமா என்று வைத்தியரிடம் நேராகக் கேள், அவர் சிரித்து மழுப்பினால் இன்னொருவரிடம் போ. இதையெல்லாம் கேட்டுவிட்டும் உனக்கு வேண்டும் என்று தோன்றினால் செய். காய்ந்த கையோடு வாழ ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது, இருபத்தைந்து வயதில் யாராவது வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் ஓடிப்போய்ப் படுத்திருப்பேன். ஆனால் அந்த ஆமிக்காரன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்வதற்காகச் செய்யாதே. நனைந்த கை எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அது ஒரு குழாய், அவ்வளவுதான். மணவறைக்காகவும் செய்யாதே, செய்வதென்றாலும் அதற்கு முன் ஆரணிக்குச் சொல்லிவிடு. ஈரக் கையோடு வாழ்க்கைப்பட்டவள் சொல்கிறேன், மற்றவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நாங்கள் மனதுக்குள் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கிறது.

நெருங்கிய உறவில் யாருக்காவது இப்படி உண்டா என்று வைத்தியர் கேட்டதாகவும், தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் இல்லை என்று நீ சொன்னதாகவும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் பாடம் படிப்பிக்க முடியவில்லை. நேற்றுப் பள்ளிக்கூட இடைவேளையில் அந்த வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு தாதி எடுத்தாள், பேச்சில் மலையகத்துப் பிள்ளை போலத் தெரிந்தது. உன் பெயரைச் சொல்லி, நோயாளர் கோவையில் தாய்க்கு இல்லை என்று எழுதியிருப்பது பிழை, தாய்க்கும் உண்டு என்றேன். பின்னால் மைதானத்தில் பிள்ளைகளின் சத்தம், அவளுக்குக் கேட்கவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டி வந்தது, மூன்றாம் முறை ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சரிங்கம்மா, எழுதிக்கிட்டேன்" என்றாள். பிறகு, "உங்களுக்கும் டொக்டர்கிட்ட ஒரு நம்பர் போட்டுடவா?" என்று கேட்டாள். வேண்டாம் பிள்ளை, எனக்குப் பழகிப்போய்விட்டது என்றேன். ரிசீவரை வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நாற்பத்தொன்பது வயதுக்குள் இதை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள், முகம் தெரியாத அந்தப் பிள்ளை. முதல் ஆள் நீயாக இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா. ஒருமுறை உன் முகத்தைப் பார்த்தும் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மா